மாப்பிள்ளை தூக்கிய பெஞ்சு

திரையில் பச்சைக் கோடு துள்ளிக்கொண்டிருந்தால் உலகமே சுபிட்சமாக இருக்கிறது என்று நம்பும் கூட்டம் ஒன்று உண்டு. கணினி சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்று பெயர். அதில் நான் தீவிர பக்தன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு பாய், விசேஷங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறார். கடை ஊருக்குள், கிடங்கு வடக்கனந்தலில். கடையில் பதிகிற ஆர்டர் உடனே கிடங்குக் கணினியிலும் நகலாகிவிட வேண்டும். ரெப்ளிகேஷன் என்பார்கள். (கார்பன் தாள் வேலைதான். இங்கிலீஷில் சொன்னால் சம்பளம் ஜாஸ்தி.) நகல் ஒழுங்காகப் போகிறதா என்று கண்காணிப்பது என் வேலை. அதற்காக, இரண்டு கணினிக்கும் நடுவே ஓடும் நெட்வொர்க் டிராஃபிக்கைக் கோடாக வரைந்து காட்டும் நிரல் ஒன்றை நானே எழுதி, கடை டிவியில் ஓடவிட்டிருந்தேன்.

“இன்னா சார், கோடு நல்லா குதிக்குதா?” என்பார் பாய்.

“ஜோரா குதிக்குதுங்க பாய்.”

என் மைத்துனிக்குக் கல்யாணம் வந்தது. தேவாலயத்தில் திருமணம், பக்கத்துப் பந்தலில் விருந்து. நாற்காலி என் பொறுப்பு என்று மாமனாரிடம் மார்தட்டினேன். (அவர் கேட்கவே இல்லை.) நம்ம கடைதானே என்று முந்தின நாள்தான் ஆர்டரைப் பதிந்தேன்.

விடிந்ததும் பந்தலில் மண்தான் இருந்தது. கிடங்குப் பொறுப்பாளர் மேரி அக்காவுக்கு போன் போட்டேன்.

“உங்க ஆர்டர் ஒண்ணும் வரலிங்களே சார். சும்மாதான கெடக்குதுன்னு அத்தினி சேரையும் வெள்ளிமலை திருவிழாவுக்கு ஏத்திவுட்டேன்.”

“கோடு நல்லா ஓடிக்கினு இருந்துச்சேக்கா.”

“அந்தக் கோட்டு மேல ஒக்கார முடியுமா சார்?”

மடிக்கணினியைத் திறந்தேன். (குத்தவைத்துத்தான். வேறு எதில் உட்கார?) பாதுகாப்பு முக்கியம் என்று, ஆர்டர் பதிவதற்கு முன்னால் கிடங்குக் கணினியின் பாஸ்வேர்டை மாற்றியிருந்தேன். புதியதைக் கண்காணிக்கும் நிரலுக்குக் கொடுத்தவன், நகலெடுக்கும் நிரலுக்குக் கொடுக்க மறந்திருந்தேன். உள்ளே நுழைய முடியாமல் அது வாசலிலேயே நின்றுவிட்டது. அப்படியென்றால் கோடு எப்படித் துள்ளியது? கண்காணிக்கும் நிரல் நொடிக்கொரு தரம் “இருக்கியா?” என்று கேட்க, கிடங்குக் கணினி “இருக்கேன்” என்று சொல்ல, அவை இரண்டும் அடித்த அரட்டையைத்தான் நான் நாளெல்லாம் ரசித்திருக்கிறேன்.

திருமணம் முடிந்து சம்பந்தி வீட்டார் பந்தலுக்குள் வந்து, சுற்றிப் பார்த்து, நின்றார்கள்.

“மாப்ள, அவங்கள நிக்க வெச்சே அனுப்பிடலாம்னு இருக்கீங்களா?” என்றார் மாமனார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“பாஸ்வேர்டு மாத்துனதுல மாமா...”

“பாஸ்வேர்டு சாப்பிடவா வந்துக்கிறாங்க?”

அதற்குள் புது மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி மைத்துனியிடம் கொடுத்துவிட்டார். ஃபாதரிடம் ஒரு வார்த்தை கேட்டார். பிறகு என்னிடம், “கோயில்ல பெஞ்சு இருக்குதே சகலை. வாங்க, ஒரு பக்கம் புடிங்க” என்றார்.

மாப்பிள்ளை முன்னால், நான் பின்னால். எங்கள் பின்னால் பட்டு வேட்டிகளும் பெஞ்சுகளும். அவசரத்தில் எல்லாவற்றையும் கோயிலில் இருந்தபடியே ஒரே திசை பார்த்துப் போட்டுவிட்டோம். விருந்தாளிகள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, பிரசங்கம் கேட்கிறவர்களைப் போல, எதிரே நின்ற என்னையே பார்த்தபடி பிரியாணி சாப்பிட்டார்கள்.

இப்போதும் சகலை எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காருவதில்லை. சோபாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, “எங்க போடணும் சகலை?” என்பார். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் மாமனார்.