ஆட்டோவில் வந்த குலசாமி

“இவரு பேரு என்னம்மா?”

நடுகல்லைக் காட்டி ரேணுகாம்பாள் கேட்டதும் வினோதினியின் கண் விளக்கப் பலகையைத் தேடியது. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண். வேங்கிக்கால் பக்கத்து அருங்காட்சியகத்தில் மாணவ வழிகாட்டியாக அன்றுதான் முதல் நாள். கல்லில் வில்லும் குறுவாளுமாக ஒரு வீரன் நின்றான். விளக்கப் பலகை எழுத்துப்பிழை திருத்தப் போயிருந்தது.

தெரியாது என்று சொல்ல வெட்கம். காலையில் ஏறி வந்த ஆட்டோவின் முதுகில் எழுதியிருந்த பெயர்தான் வாயில் வந்தது.

“பலராமன்.”

ரேணுகாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “எங்க மாமனார் பேரு! குலசாமி பேரைத்தான் வெச்சிருக்காங்க!”

கூட வந்த மகள் எழிலரசி அசையாமல் நின்றாள்.

“எங்க வீட்டுக்காரர் வகையறாவுக்குக் குலசாமி எதுன்னே தெரியலம்மா. ஊரூராத் தேடறோம். மொதப் பத்திரிகை குலசாமிக்கு வெச்சாத்தான் கழுத்தை நீட்டுவேன்னு இவ ஒத்தக்கால்ல நிக்கறா. அவ்ளோ பக்தி! மாப்ள வீட்லயும் பாவம், காத்துட்டிருக்காங்க.”

வினோதினி சொன்னதிலிருந்து பின்வாங்கப் பார்த்தாள். ஒரு கல்யாணம் தன் பொய்யில் நிற்கக் கூடாது.

“இவரு உங்க சாமியா இருக்க முடியாதும்மா. மாடு மீட்கப் போய்ச் செத்தவரு.”

“நாங்களும் மாடு வெச்சிருந்தவங்கதான்.”

“சின்ன வயசுலயே செத்துட்டாரு. வாரிசே இல்ல.”

“அப்போ கூடப்பொறந்தவங்க வழியில வந்திருப்போம்” என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து கற்பூரத்தை எடுத்தாள் ரேணுகாம்பாள்.

வினோதினி பதறி, காப்பாட்சியர் கோதண்டராமனை அழைத்து வந்தாள். அவர் முதலில் கற்பூரத்தை வாங்கிக்கொண்டார்.

“பேரு வெட்டின எடம் செதஞ்சு போச்சும்மா. இவரு யாருன்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“எங்க சாமி இல்லன்னும் சொல்ல முடியாதில்ல?”

கோதண்டராமன் வினோதினியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவளுடைய முதல் நாளே கடைசி நாளாகிவிடும் போலிருந்தது.

அவள் கண் கலங்க உண்மையைச் சொல்லிவிட்டாள். “மன்னிச்சிடுங்கம்மா. பேரை நான்தான் இட்டுக்கட்டிச் சொன்னேன். ஆட்டோவுல பார்த்த பேரு அது.”

ரேணுகாம்பாளின் கைகளில் மயிர் சிலிர்த்தது.

“ஊர்ல எத்தனை ஆட்டோ ஓடுது! அந்த ஆட்டோவுல ஏன் ஏறினே? உன் நாக்குல சாமியே வந்து உக்காந்திருக்கு!”

வினோதினியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள், வாசலுக்கு ஓடிப் போனில் கணவரை அழைத்தாள். “கெடச்சிட்டாருங்க! வர்ற தையிலயே முகூர்த்தம் பாருங்க!”

கோதண்டராமன் தலையில் கைவைத்தபடி அறைக்குத் திரும்பினார். எழிலரசியின் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. வினோதினி அவளருகே போய்க் கைகூப்பினாள்.

“உங்க பக்தியில வெளையாடிட்டேங்க. மன்னிச்சிடுங்க.”

எழிலரசி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

“எங்க தேடினாலும் கெடைக்காதுங்கற தைரியத்துலதாங்க அந்தக் கண்டிஷனே போட்டேன்.”