எடெசாப் பிரதி வரும்வரை கஞ்சி இல்லை

ஒரு கையில் சிறு கத்தி, மறு கையில் ஈரப் பஞ்சு, மடியில் வேறொருவர் எழுதிய தோல் ஏடு. எழுத்தைச் சுரண்டுகிறார், ஊதுகிறார், மறுபடி சுரண்டுகிறார். இப்படி ஒருவரைக் கண்டால் மரியாதையாக விலகி நடங்கள். அவர்தான் திருத்துகிறவர். கிரேக்க வைத்திய நூல்களை நம் சிரியாக் மொழிக்குக் கொண்டுவருகிறவர்கள் எங்கள் நிசிபின் நகரில் கொஞ்சம் பேர்தான். அவர்களைத் திருத்துகிறவர்கள் தெருவுக்குத் தெரு.

எப்படி அடையாளம் காண்பது? முன்னால் மொழிபெயர்த்தவரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பெருமூச்சு விட்டு, "பாவம், நல்ல மனுஷன்" என்பார். அவ்வளவுதான், அந்த மனுஷர் தீர்ந்தார். பிறகு, அவர் கையில் இருந்தது ஒரே பிரதி, அதுவும் பூச்சி தின்றது, அவர் கிரேக்கம் கற்றதே ஓர் எண்ணெய் வியாபாரியிடம் என்று, உங்கள் ரொட்டி ஆறி விறைக்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்பார்.

சவ்ரீஷோ இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்றவர். காய்ச்சல் பற்றிய நூலைக் கிழவர் கீவர்கீஸ் மொழிபெயர்த்திருந்தார். அதைத் திருத்திக்கொண்டிருந்தபோது இவருக்கே காய்ச்சல் வந்தது. மடத்து நோயாளர் விடுதியில் வேலை பார்க்கும் அக்கா ஷ்முனி பார்லிக் கஞ்சியோடு வந்து உட்கார்ந்தாள். தம்பிக்கு உதடு வெடித்திருந்தது. நாடி குதித்தது. இரண்டு நாளாகப் பட்டினி.

"வாயைத் திறடா."

"வடிகட்டினதா, அப்படியே காய்ச்சினதா?"

"கஞ்சி."

"கீவர்கீஸ் 'அப்படியே'ன்னு எழுதியிருக்காரு. என்கிட்ட இருக்குற ரெண்டு பிரதியும் ஒத்துப்போகல. எடெசா நகரத்துலேர்ந்து மூணாவது பிரதி வரட்டும்க்கா."

"அதைச் சுமந்துக்கிட்டு ஒட்டகம் வர்றதுக்குள்ள நீ போய்ச் சேர்ந்துடுவ."

"போனா போறேன். தப்பான கஞ்சியைக் குடிச்சிட்டுப் போக மாட்டேன்."

கண்ணைக் கசக்கினால் காய்ச்சல் இறங்குமா? ஷ்முனி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தம்பியின் ஏடுகளை அடுக்கிக் கட்டத் தொடங்கினாள்.

"என்னக்கா பண்ற?"

"நீ போனப்புறம் இதை யாராவது முடிக்கணுமில்ல? மடத்துல கீவர்கீஸைத்தான் கேப்பாங்க. உன் வரியெல்லாம் அவரு உக்காந்து பொறுமையா திருத்துவாரு. 'பாவம், நல்ல பையன்'னு சொல்லிக்கிட்டே."

வாய் திறந்தது. கிண்ணம் காலியானது. வடிகட்டாத கஞ்சி, கீவர்கீஸ் சொன்ன அதே கஞ்சி.

மறுநாள் காலை உடம்பு வேர்த்துக் காய்ச்சல் இறங்கியிருந்தது. கஞ்சி தந்த தெம்பில் சவ்ரீஷோ எழுந்து உட்கார்ந்து, கத்தியைக் கேட்டு வாங்கி, முதல் வேலையாகக் கீவர்கீஸ் எழுதிய அந்தக் கஞ்சி வரியைச் சுரண்டி எடுத்தார். ஷ்முனி அடுத்த கிண்ணத்தை நீட்டினாள்.

வாசிக்கிறவரே, இதில் இரண்டு மூன்று இடங்களில் வேறு சொல் போட்டிருக்கலாம் என்று உங்களுக்கும் தோன்றுகிறது, இல்லையா? உங்கள் நெற்றியும் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். கஞ்சி அடுப்பில்தான் இருக்கிறது.