துண்டுகள் பார்த்த பந்தாட்டம்

துண்டு போடுகிறவர் என்று ஒரு பிராணி உண்டு. இரண்டு கால், ஒரு மீசை, கைவசம் ஐந்தாறு துண்டு. தமிழ்நாடெங்கும் காணப்பட்டாலும், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, சாரல் அடிக்கிற பிரதேசத்தில்தான் நன்றாகக் கொழுத்து வளர்கிறது. ரயில் பெட்டியா, கல்யாணப் பந்தியா, நாடகக் கொட்டகையா, தேர் திரும்புகிற முக்கா, எங்கே உட்கார ஒரு சாண் இடம் இருக்கிறதோ அங்கே ஜனங்கள் வருவதற்கு முன்னால் இவருடைய துண்டு வந்துவிடும். துண்டுக்குப் பின்னால் இவர் வருவாரா என்பது வேறு விஷயம். பெரும்பாலும் வரமாட்டார்.

இது ஒரு பெரிய குற்றமா என்று கேட்பீர்கள். ஒரு முழு மைதானத்தை இந்தப் பிராணி விழுங்கி ஏப்பம் விட்டது என்றால் நம்புவீர்களா? சொல்கிறேன், கேளுங்கள்.

தென்காசியிலிருந்து மேலகரம் போகிற ரஸ்தாவில், வாய்க்காலை ஒட்டி, ஒரு பந்தாட்ட மைதானம் இருந்தது. உண்டாக்கியவர் காலஞ்சென்ற கைலாசம் பிள்ளை. ஒரு வயல் வழக்குக்காகப் பாளையங்கோட்டைக்குப் போனவர், வாய்தா தள்ளிப்போன சாயங்காலம் பொழுது போகாமல் கால்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்த்துத் தொலைத்தார். வழக்கு தோற்றுப்போயிற்று, ஆட்டம் மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது. ஊருக்கு வந்ததும் இருபோகம் விளைகிற நிலத்தில் வண்டி வண்டியாகச் செம்மண் அடித்து மேடாக்கி, செங்கோட்டையிலிருந்து மரம் இறக்கி, மேற்குப் பக்கமாகப் படிப்படியாய்ப் பலகை வைத்து ஒரு காலரி கட்டினார். கூரை போடுவதற்குள் காலமாகிவிட்டார். ஆனாலும் டிக்கெட்டு போட்டு, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து, பந்தாட்டம் நடந்தது. பந்தை உதைக்கிறதுக்குச் சம்பளமா என்று ஊரே வாயைப் பிளந்தது. பிளந்த வாயோடு டிக்கெட்டும் வாங்கியது.

பந்தாட்டம் இல்லாத நாளில் மைதானம் சும்மாவா கிடக்கும்? சர்க்கஸ் வந்து கூடாரம் அடித்தது. கம்பம் நட்ட குழிக்குள் அப்புறம் ஒரு வருஷம் வரை பந்து விழுந்துகொண்டிருந்தது. மாட்டுத் தாவணி கூடி, மாடுகள் விலைபோயின. நாடகக் கம்பெனி வந்தது, கடன் வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போயிற்று. ராஜாவுக்கு ஜூபிலி என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். கதர்க்காரர்கள் கூட்டம் போட்டு, அந்நியத் துணிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். இத்தனை வைபவங்களிலும் காலரியின் முதல் வரிசை நடுப் பலகையில், மூலவர் மாதிரி, ஆறுமுகநயினார் பிள்ளையின் துண்டு எழுந்தருளியிருந்தது. துணி கொளுத்திய அன்று மட்டும் பிள்ளையவர்கள் தலைதெறிக்க ஓடிவந்து அதை எடுத்துக்கொண்டு போனார். அது லங்காஷயர் மில்லில் நெய்த சீமைத் துண்டு.

ஆறுமுகநயினார் பிள்ளைதான் நம் பிராணியின் உத்தம மாதிரி. குத்தகை நெல் வருகிறது, சாப்பிடுகிறார்; வேறு ஜோலி கிடையாது. ஆட்டம் சாயங்காலம் என்றால் கோழி கூவும்போதே கக்கத்தில் துண்டுகளோடு கிளம்பிவிடுவார். முதல் துண்டை உதறி, விரித்து, நாலு முனையையும் நீவிவிடுவார். அது தமக்கு. இரண்டாவது, காலை நீட்டிக்கொள்ள. மூன்றாவது, பண்பொழி மச்சினருக்கு. நாலாவது, "நம்ம ஆளு ஒருத்தர் வருதாரு" என்பவருக்கு. விசேஷ ஆட்டமென்றால் ஒரு எட்டு முழ வேட்டியைப் பலகையோடு பலகையாக நீளவாக்கில் ஓட்டிவிடுவார். ஒரு வரிசை தீர்ந்தது. பண்பொழி மச்சினர் அந்த மைதானத்தை ஜன்மத்தில் பார்த்ததில்லை. ஆனாலும் பத்து வருஷமாக அவருக்கு அங்கே இடம் இருந்தது.

துண்டு போட்டாகிவிட்டதா? இனி அவருக்கு என்ன அவசரம்? வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, ஆட்டம் பாதி முடிந்த பிறகு வெற்றிலையை மென்றுகொண்டு வருவார். வந்ததும் கேட்கிற கேள்வி, "என்ன, ஆரம்பிச்சாச்சா?"

அவர் சம்சாரம் சங்கரம்மாள் மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை வாயைத் திறப்பாள்.

"வீட்டுல தலை துவட்ட ஒரு முழத் துணி கெடையாது. அங்கன பலகைக்கு உடுத்திவிட்டுட்டு வாரிய. அது என்ன, வயசுக்கு வந்த பலகையா?"

"உனக்கு என்னட்டி தெரியும்? இடம் போச்சுன்னா மரியாதை போச்சு."

அவர் சொன்னதில் பிசகு இல்லை. துண்டு என்ன லேசுப்பட்ட வஸ்துவா? பெரிய மனுஷர் எதிரே வந்தால் தோளிலிருந்து இறங்கிக் கக்கத்துக்குள் போய் ஒடுங்குகிற அதே துண்டு, பலகைமேல் விழுந்துவிட்டால் தானே பெரிய மனுஷர் ஆகிவிடுகிறது. அதைத் தொட்டவன் உண்டா? துண்டை நகர்த்தினால் அந்த ஆளின்மேல் கை வைத்த மாதிரி. அப்புறம் இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை நின்றுபோகும். ஆகவே ஊரார் ஒரு காரியம் செய்தார்கள். பிள்ளையவர்களைத் திட்டுவதை விட்டுவிட்டு, ஆளுக்கு இரண்டு துண்டு வாங்கினார்கள்.

இப்படியாக 1938ஆம் வருஷம் ஆடி மாதம் வந்து சேர்ந்தது.

கைலாசம் பிள்ளையின் சம்சாரம் கோமதியம்மாளுக்குத்தான் இப்போது மைதானம் பாத்தியம். புருஷன் ஆசைப்பட்ட இடமாயிற்றே என்று அதுவரை பொறுத்திருந்தாள். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "நல்ல நஞ்சையை மிதிபட விட்டுட்டு இருக்கியளே" என்று காதில் ஓதிக்கொண்டே இருந்தார்கள். அவள் கடைசியில் ஆட்டக்காரர்களுக்குத் தலைவரான துல்கர்னைனைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"தம்பி, நான் இதுவரை ஒரு ஆட்டமும் பாத்ததில்ல. புனலூர்க்காரங்களோட ஆட்டம் இருக்காமே, அன்னைக்கு வாரேன். ஊருக்கு வேணும்னா ஊர் வந்து உக்காந்திருக்கும்லா? காலரி நெறஞ்சிருந்தா என் காலம் உள்ளவரைக்கும் ஆடுங்க. இல்லேன்னா பிசான நெல்லுக்கு ஏர் பூட்டிருவேன்."

துல்கர்னைனுக்குக் கால்தான் சொத்து. அந்த மைதானத்தை விட்டால் அவருக்கு வேறு பிழைப்புத் தெரியாது. வீட்டில் சம்சாரம் ராபியா நிறைமாசமாக இருந்தாள். மனுஷர் தென்காசியில் ஒரு தெரு விடாமல் நடந்தார். வாசலுக்கு வாசல் நின்று, கட்டாயம் வாங்க, கட்டாயம் வாங்க என்று கெஞ்சினார். ஆறுமுகநயினார் பிள்ளை வீட்டுக்கும் வந்தார்.

"அண்ணாச்சி, ஆச்சி பாக்க வாராவ. காலரி நெறையணும். இல்லேன்னா நம்ம மைதானம் போச்சு."

"இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீரு? விடியக்காலம் நானே போயி நெறச்சிட்டு வந்திருதேன்."

"துண்டு வேண்டாம் அண்ணாச்சி. ஆளு வேணும்."

"என்னவே பேசுதீரு? துண்டு கெடந்தா ஆளு வந்த கணக்குத்தானவே?"

துல்கர்னைன் சலாம் போட்டுவிட்டுப் போனார்.

ஆட்டத்தன்று விடிந்தபோது காலரியைப் பார்க்கக் கண் கொள்ளவில்லை. கீழ்ப் பலகையிலிருந்து மேல் பலகை வரை துண்டு. சிவப்புக் கரை, பச்சைக் கரை, ஈரிழை, கோடு போட்டது, வேட்டி, பழம்புடவைக் கிழிசல். ஊர் முழுதும் துல்கர்னைன் சொல்லைத் தட்டாமல் வந்து துண்டு போட்டுவிட்டுப் போயிருந்தது.

அந்த வருஷம் ஆனி முழுக்கச் சாரல் ஏமாற்றியிருந்தது. அன்று மத்தியானம் பார்த்து மலைமேல் மேகம் இறங்கியது. "பேரருவியில தண்ணி கொட்டுது!" என்று ஒரு வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான். அவ்வளவுதான். இடம்தான் பத்திரமாக இருக்கிறதே, ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஆட்டத்துக்கு வந்துவிடலாம் என்று, ஆறுமுகநயினார் பிள்ளை முன்னே செல்ல, தென்காசி ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் எண்ணெய்க் கிண்ணத்தோடு குற்றாலத்துக்கு வண்டி ஏறினார்கள். அருவிக்குக் கீழே ஒரு தடவை நின்றவன் லேசில் வெளியே வருவானா? வந்தாலும், துவட்டிக்கொள்ளத் துண்டு ஏது?

சாயங்காலம் கோமதியம்மாளின் வில்வண்டி வந்து நின்றது. மைதானத்தின் வாசலில், கயிற்றுக்கு வெளியே, பாவூர்சத்திரம் பக்கத்திலிருந்து நடந்து வந்த ஜனங்கள் மந்தையாக நின்றார்கள். காய் சுமக்கிறவர்கள், களை எடுக்கிறவர்கள், டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. உள்ளே துல்கர்னைன் அவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏறி உக்காருங்கய்யா! ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"எங்கன உக்கார அண்ணாச்சி? துண்டு கெடக்குல்லா."

"நான் எடுக்கேன், நீங்க உக்காருங்க!"

"ஐயோ வேண்டாம். நாளைக்கு அவுக மொகத்துல முழிக்கணும்லா."

கோமதியம்மாள் வண்டியை விட்டு இறங்கி, கூட்டத்தில் நின்ற மூக்கம்மாள் என்ற காய்க்காரியிடம் கேட்டாள்.

"ஏட்டி, ஏன் வெளிய நிக்கிய? உள்ள இடம் இல்லையா?"

"இல்ல ஆச்சி. நெறஞ்சு கெடக்கு."

கோமதியம்மாள் காலரியை ஏறெடுத்துப் பார்த்தாள்.

"ஒருத்தரையும் காணுமே."

"துண்டு கெடக்கு பாருங்க ஆச்சி," என்றாள் மூக்கம்மாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

ஆட்டம் ஆரம்பமாயிற்று. துல்கர்னைன் அன்று ஆடினாரே, அது ஆட்டம்! புனலூர்க்காரர்கள் மூன்று பேரை ஒதுக்கிவிட்டு பந்தைக் கொண்டுபோய் வலைக்குள் தள்ளியபோது, கயிற்றுக்கு வெளியே நின்றவர்கள் கத்தினார்கள். ஆனால் துண்டு நிறைந்த காலரியிலிருந்து ஒரு கைதட்டு இல்லை. புனலூர்த் தலைவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எந்தா சேட்டா, இவிடெ துணி உணக்கான் இட்டிரிக்குன்னோ?" என்று கேட்டான். துணி காயப்போட்டிருக்கிறதா என்று கேட்கிறான். வேற்று ராஜ்யத்து ஆள். அவனுக்கு நம் மரியாதைகள் என்ன தெரியும்?

அப்போது செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஒரு வீசு வீசியது. முதல் வரிசை நடுப் பலகையிலிருந்து ஆறுமுகநயினார் பிள்ளையின் துண்டு எழும்பி, மைதானத்துக்குள் பறந்து வந்து விழுந்தது. பலகை காலியாயிற்று! துல்கர்னைன் பந்தை விட்டுவிட்டு அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். கயிற்றுக்கு வெளியேயிருந்து இரண்டு பேர் உள்ளே ஓடிவந்தார்கள். துண்டை எடுத்தார்கள். மண்ணை உதறினார்கள். காலரியில் ஏறி, பழைய இடத்திலேயே விரித்து, முனையை நீவி, இனிப் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்கள். பிறகு இறங்கிவந்து, கயிற்றுக்கு வெளியே தங்கள் இடத்தில் நின்றுகொண்டார்கள்.



கோமதியம்மாள் அதற்குமேல் பார்க்கவில்லை. "துண்டு உக்காரதுக்கு இம்புட்டு நஞ்சை எதுக்கு?" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டாள். கடைசி விசிலுக்குச் சற்று முன்னால் பிள்ளையவர்களும் பரிவாரமும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார்கள். பிள்ளை தம் இடத்துக்குப் போனார். கல்லை எடுத்தார். அதற்குள் விழுந்த சாரலில் நனைந்து கிடந்த துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்:

"என்ன, ஆரம்பிச்சாச்சா?"

பிசானத்துக்கு ஏர் பூட்டியாயிற்று. காலரிப் பலகைகளை யாரோ வாங்கி மாட்டுக் கொட்டிலுக்குத் தளம் போட்டார்கள். ராபியாவுக்குப் பிரசவமான கையோடு துல்கர்னைன் குடும்பத்தோடு புனலூருக்குப் போய்விட்டார். அங்கே ஆடுகிறார் என்று கேள்வி. யுத்தம் வந்து துணிக்குக் கண்ட்ரோல் வந்த பிறகும் நம் பிராணி அழியவில்லை. ஒரு துண்டை நாலாகக் கிழித்து நாலு இடம் போடுகிறது. ஆறுமுகநயினார் பிள்ளை சௌக்கியம். வயலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கூட வருகிறவர்களை நிறுத்தி மைதானத்தின் சரித்திரம் சொல்வார். "அந்த வரப்பு தெரியுதுல்லா? அங்கனதான் என் இடம். நம்ம காலத்துல ஒரு நாளாவது காலரி காலியாக் கெடந்ததுன்னு ஒருத்தனைச் சொல்லச் சொல்லும் பாப்போம்!" பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். "என்னிடம் துண்டே கிடையாது ஐயா, நான் சட்டை போடுகிறவன்" என்கிறீர்கள். வாஸ்தவம். போன மாதம் தென்காசி ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாக உள்ளே வந்து விழுந்த கைக்குட்டை யாருடையது என்று நான் கேட்கவில்லை. இப்போது வாசகசாலையில் உட்கார்ந்துதானே இதைப் படிக்கிறீர்கள்? சற்று நேரத்தில் காபி குடிக்க எழுந்திருப்பீர்கள். எழுந்திருக்கும்போது இந்தப் புத்தகத்தை, படித்த பக்கம் கீழே இருக்கும்படி, நாற்காலிமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போவீர்கள். அவசரமே வேண்டாம், மெதுவாகக் குடித்துவிட்டு வாருங்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். புத்தகம் காற்றில் புரண்டால், அவரே குனிந்து சரியாக வைத்துவிட்டு, மறுபடியும் நின்றுகொள்வார்.