நாலாவது மாடியில் முட்டி வலி இல்லை

மூட்டு வலியை இந்த உலகத்திலிருந்து ஒழித்துக்கட்டிய புண்ணியம் யாருக்குச் சேரும் என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். வீண் சண்டை. அந்தப் புண்ணியம் முழுக்க 'மூட்டு, மூப்பு மற்றும் இயற்கைச் சிகிச்சை ஆய்வு நிலையத்தின்' நாலாவது மாடிக்கே சேரும். அங்கே இன்றுவரை முட்டி வலிக்காரர் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கப்படவில்லை.

நாலு மாடி, எண்பத்தெட்டுப் படி. லிஃப்ட் இல்லாமல் இல்லை. பழுதும் கிடையாது, வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். கதவில் மட்டும் 'கோப்புகளுக்கு மட்டும். ஆட்கள் ஏறக்கூடாது' என்று எழுதியிருக்கும். ஆட்கள் ஏறினால் ஆய்வின் 'இயற்கைத் தன்மை' கெட்டுவிடும் என்பது இயக்குநரின் கொள்கை. அவரும் ஏறமாட்டார். இரண்டிரண்டு படியாகத் தாண்டித்தான் போவார். வயது முப்பத்தெட்டு. கொள்கை என்றால் அப்படி இருக்கவேண்டும்.

அந்தப் படிகளை டீ ஃபிளாஸ்க்கோடு தினம் ஐந்து தடவை ஏறி இறங்கியவள் ஃபிளாஸ்க் அக்கா. பத்தொன்பது வருஷமாக அதுதான் வேலை, ஆகவே அதுதான் பெயர். ஃபிளாஸ்க்கையாவது லிஃப்டில் அனுப்பலாமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். டீ கோப்பாகாது என்று எழுத்திலேயே பதில் வந்தது.

இடது முட்டி ஏறும்போது வலிக்கும், வலது முட்டி இறங்கும்போது. "ரெண்டும் கூடிப் பேசி முறை வச்சு வலிக்குது" என்பாள். கீழ்த்தளத்து ஆவண அறையில் ஒரு இடம் காலியாக இருந்தது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, பழைய கோப்புகள். படியே கிடையாது. அது கிடைத்தால் வேலையில் நீடிக்கலாம். இல்லையென்றால் மாதக் கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காரவேண்டியதுதான்.

இடமாற்ற மனுவை நாலாவது மாடியில் இயக்குநரிடம் நேரில் தரவேண்டும் என்பது விதி. ஆறு தடவை தந்தாள். ஆறு தடவையும் ஒரே விசாரணை.

"முட்டி வலியா? உங்களுக்கா?"

"ரெண்டுலயும் சார்."

"எப்படி மேல வந்தீங்க?"

"ஏறித்தான் சார்."

"ஏறிட்டீங்கல்ல? அப்ப வலி இல்லை."

"ஏற முடியாமப் போயிருந்தா?"

"மனுவே வந்து சேரலைன்னு அர்த்தம்" என்றார் இயக்குநர், அவ்வளவு கனிவாக.

அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். எல்லோருக்கும் ஒரே தராசுதான். பச்சிலை எண்ணெய் ஆய்வுக்குக் கீழே மேசை போட்டு நூற்றிருபது முதியவர்களைச் சேர்த்தார்கள். ஆறு மாதம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, நாலாவது மாடிக்கு வந்து வலி எப்படி என்று சொல்லவேண்டும். ஒன்பது பேர் வந்தார்கள். வலியோடு நாலு மாடி ஏற முடியாது என்பதால் ஒன்பது பேரும் குணம். மீதி நூற்றுப்பதினொரு பேர்? வலி இருந்தால் வைத்தியத்துக்கு வராமல் இருப்பார்களா? அவர்களும் குணம். நூற்றுக்கு நூறு! இயற்கையால் ஆகாதது எது?

அந்த நூற்றிருபது பேரில் ஒரு தையல்காரர். நாற்பது வருஷம் காலால் மெஷின் மிதித்தவர். இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை.

"தாயி, நீ மேலதானே போற? உயிர் போகுதுன்னு சொல்லிடும்மா. இதுக்கு மேல கால் வரமாட்டேங்குது."

அக்கா போய்ச் சொன்னாள். புள்ளிவிவரம் எழுதும் கணக்கு சார் பேனாவை எடுத்தார், யோசித்தார், வைத்துவிட்டார்.

"ரெண்டாவது மாடியில சொன்ன வலியை நாலாவது மாடிக் கணக்குல ஏத்த முடியாதுக்கா. அவரு வரலைன்னு போட்டுடறேன்."

"வரலைன்னா?"

"குணம்."

வீட்டுக்குப் போனதும் அக்கா புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். சாவி செய்து பிழைக்கிற மனுஷன். அவள் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். விடு. அந்த லிஃப்ட் எதை ஏத்திக்கும்னு சொன்னே?"

"கோப்பைத்தாங்க. வேற ஒண்ணையும் ஏத்தாது."

"பூட்டுகிட்ட கோவிச்சுக்கிட்டு என்ன பிரயோஜனம்? எந்தச் சாவிக்குத் திறக்குதோ அந்தச் சாவியைப் போடணும்."

மறுநாள் காலை நாலாவது மாடியில் லிஃப்ட் திறந்தது. நாற்பது கோப்புக் கட்டுகளுக்கு நடுவே ஒரு முக்காலி. அதன்மேல் அக்கா. இடுப்பைச் சுற்றிச் சிவப்பு நாடா, முன்னால் ஒரு சீட்டு: 'மனு எண் ஏழு. பொருள்: முட்டி.'

"ஐயோ அக்கா, இதுல ஆள் ஏறக்கூடாது!" என்று பதறினார் கணக்கு சார்.

"ஆள் எங்க சார் ஏறுச்சு? சீட்டைப் படிங்க."

இயக்குநர் ஓடிவந்தார். படித்தார். நெற்றியைத் தடவினார். சிக்கல் சாதாரணமானதல்ல. இது ஆள் என்றால் லிஃப்டில் ஆள் ஏறியாயிற்று. ஆய்வின் இயற்கைத் தன்மை அதோகதி. ஆகவே இது கோப்பாகத்தான் இருந்தாகவேண்டும்.

"இந்தக் கோப்பு எத்தனை வருஷமா நிலுவையில இருக்கு?" என்று அதட்டினார்.

"பத்தொன்பது வருஷம் சார்."

"அத்தனை வருஷமா யார் கண்ணுலயும் படலையா?"

"கையில ஃபிளாஸ்க் இருந்துச்சு சார். எல்லாரும் ஃபிளாஸ்க்கைத்தான் பாத்தாங்க."

இயக்குநர் எல்லாக் கோப்பிலும் எழுதுவதையே அந்தச் சீட்டிலும் எழுதினார்: 'பார்வையிட்டேன். கீழ்த்தள ஆவண அறைக்கு அனுப்பி, அங்கேயே நிரந்தரமாக வைக்கவும்.' கையெழுத்து, முத்திரை, தேதி. அக்கா வந்த லிஃப்டிலேயே கீழே இறங்கினாள். ஒரு படிகூட மிதிக்கவில்லை.

அடுத்த மாதம் ஆய்வறிக்கை அச்சாகி வந்தது. கெட்டி அட்டை, அறுநூறு பக்கம். பூரண குணமடைந்தோர் நூற்றிருபத்தொரு பேர். அந்தக் கூடுதல் ஒருவர் யார் என்று அக்கா புரட்டிப் பார்த்தாள். கடைசி வரியில் அவளேதான்: 'முன்பு தினமும் ஐந்து முறை நாலாவது மாடிக்கு வந்தவர். இப்போது வருவதேயில்லை. ஆகவே குணம்.'

யாரும் வாங்காததால் முந்நூறு பிரதிகளும் ஆவண அறைக்கே வந்து சேர்ந்தன. அன்றைக்கு எண்ணெய்க் குப்பியைத் திருப்பித் தர வந்த தையல்காரருக்கு அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அறிக்கைகளில் ஒரு கட்டை அவர் காலடியில் தள்ளினாள், இன்னொன்றைத் தன் பக்கம். இருவரும் ஆளுக்கொரு காலைத் தூக்கி அதன்மேல் நீட்டிக்கொண்டார்கள்.

"எப்படிங்கய்யா இருக்கு?"

"அடடா, இப்பத்தான் தாயி வலி கொஞ்சம் குறையுது" என்றார் தையல்காரர்.

அந்த நிலையத்தின் ஆராய்ச்சியால் ஒரு முட்டிக்குக் கிடைத்த முதல் நிவாரணம் அதுதான்.