தபாலாபீசைத் தாண்டி ஓடிய தேர்தல்

செல்ல மகள் பொரோகாவுக்கு,

அப்பா வெந்தெல் எழுதுவது. அம்மா, நான், கோழிகள் எல்லோரும் சௌக்கியம். நீயும் லீட்ஸில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறோம். நல்ல செய்தி இத்துடன் முடிந்தது.

உன் வருங்கால மாமனார் கெலெமன் என்னோடு பேசுவதில்லை. உன் கல்யாணத்துக்கு மீன் சூப் கொப்பரையை அடுப்பில் ஏற்ற மாட்டாராம். கல்யாணத்துக்கே வருவாரா என்பது சந்தேகம். காரணம் என் இங்கிலீஷ்.

நம் ஏரி மீன்பிடிச் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. கெலெமனும் ரொட்டிக்கடை டிஹமேரும் போட்டி. நட்புச் சங்கம் என்று இங்கிலாந்திலிருந்து தேர்தல் விதிகள் அனுப்பியிருந்தார்களே, அதன்படி கௌரவமாக நடத்தலாம் என்று எல்லோரும் ஆசைப்பட, "வெந்தெலுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே" என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள். ஒரு கோடைகாலம் லண்டன் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தவன் நான். உருளைக்கிழங்கைப் பற்றி விதி இருந்திருந்தால் பிழையே வந்திருக்காது. வேட்பாளர்கள் 'ஓட வேண்டும்' என்று போட்டிருந்தது. நம் மொழியில் தேர்தலுக்குக் 'கிளம்புகிறோம்', அவர்கள் அவசரக்காரர்கள், ஓடுகிறார்கள் என்று அப்படியே எழுதினேன். அடுத்து, 'போஸ்ட்'டை முதலில் தாண்டுபவரே வென்றவர். நம் 'போஸ்டா' தபாலாபீஸ்தானே? பந்தயக் கம்பத்துக்கும் அதே பெயர், அதைத் தாண்டுவதென்றால் அதிக ஓட்டு வாங்குவது என்று எந்த உருளைக்கிழங்கும் எனக்குச் சொல்லவில்லை. ஆக, வழக்கம்போல் தூண்டில் புழு டப்பாவில் போட்ட ஓட்டுகளை எண்ணாமலே, ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரையும் சர்ச் வாசலிலிருந்து ஓடவிட்டோம்.

"சம்பந்தி, எனக்கு முட்டி வலின்னு அந்த இங்கிலீஷ்காரனுக்குத் தெரியுமாய்யா?"

"விதின்னா விதி சம்பந்தி. ஓடுங்க!"

பாதி வழியில் கெலெமன் வழுக்கி டிஹமேரின் பெல்ட்டைப் பிடிக்க, இருவரும் ஒன்றாகவே தபாலாபீசைத் தாண்டினார்கள். தபால்காரி எடெல்கா "சமம்!" என்று விசிலடித்தாள். சமமானால் 'நாற்காலிக்கு வீசும் ஓட்டு' என்றது என் மொழிபெயர்ப்பு. (நாற்காலி என்றால் கூட்டத் தலைவராம். அவருக்குக் கூடுதலாக ஓர் ஓட்டாம். இப்போது சொல்கிறார்கள்.) மீன் பிடிக்கிறவர்களிடம் 'வீசு' என்றால் வேறென்ன செய்வார்கள்? கரையில் நாற்காலி போட்டுத் தூண்டிலை வீசினார்கள். டிஹமேருக்குக் கெண்டை, கூடவே தலைவர் பதவி. கெலெமனுக்குச் சொந்தக் கால்சட்டை. கொக்கி மாட்டிய இடத்தை மகளுக்கு எழுத முடியாது.

"யோவ், உன் இங்கிலீஷைத் தூக்கி ஏரியில போடுய்யா! ஒழுங்கா எண்ணியிருந்தா ஊரே எனக்குத்தான் போட்டிருக்குன்னு தெரிஞ்சிருக்கும்யா!"

"கத்தாதீங்க, இன்னும் கிழியுது" என்றாள் அவர் மனைவி ஒட்டிலியா.

ஆகவே கண்ணு, விதிகளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். சரியாக மொழிபெயர்த்து உடனே அனுப்பு. முறைப்படி ஓட்டை எண்ணிவிட்டால் கெலெமன் தலைவர், கொப்பரை அடுப்பில், நீ மணக்கோலத்தில். உன் மாப்பிள்ளை சொங்கோரிடம் அவன் அப்பாவின் கால்சட்டையைப் பற்றி மட்டும் விசாரிக்காதே. நீங்கள் இருவரும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரிந்து நெடுநாள் வாழ ஆசீர்வாதம்.

அன்புள்ள அப்பா,
வெந்தெல்

பி.கு.: மேலே கேட்டதைச் செய்துவிடாதே! உறையை ஒட்டப் போனேன், எடெல்கா புழு டப்பாவோடு வந்தாள். ரகசியமாக எண்ணிப் பார்த்தாளாம். கெலெமனுக்கு இரண்டே ஓட்டு. ஒன்று அவருடையது. இன்னொன்று நான் போட்டது. ஒட்டிலியா யாருக்குப் போட்டாள் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. ஆகவே சரியான மொழிபெயர்ப்பு வேண்டாம். கெலெமன் ஜெயிக்கிற மாதிரி இன்னொரு தப்பான மொழிபெயர்ப்பு அனுப்பு. மனிதர் மீன் சூப் நன்றாக வைப்பார். விதியில் அதை எங்கேயாவது நுழைத்துவிடு.