சத்தமில்லாத ஒன்பது நாற்பது

தொகுதியின் மனநலம், மின்சாரம், போக்குவரத்து மூன்றையும் ஒரே தலையில் சுமக்கும் சட்டமன்ற உறுப்பினரும் என் தம்பி மகனுமாகிய உனக்கு, பெரியப்பா எழுதிக்கொள்வது.

நானும் உன் அப்பாவும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. பொய் எழுதிப் பழக்கமில்லாததால் அந்த வரியை விட்டுவிட்டேன். உன் நலத்தை நாளிதழில் பார்த்துக்கொள்கிறேன். போன வாரமும் ஒரு மின்சார பஸ்ஸுக்கு மாலை போட்டாய். பஸ் உன்னைவிட அடக்கமாக இருந்தது.

உன் அம்மா போன பிறகு உன் அப்பா என் வீட்டு மாடியறையில் இருக்கிறான் என்பது உனக்குத் தெரியும். பதினோராம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது, "அடுத்த வாரம் வர்றேன்ப்பா" என்று வாசலில் நின்று சொன்னாயே, அதே அறைதான். முப்பத்தோரு வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவன் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். சாப்பிடுகிறாயா என்றால் பதில் வராது, குளிக்கிறாயா என்றாலும் வராது. ஆனால் தெருமுனையில் பஸ் உறுமினால் மட்டும் தலை நிமிரும். "ஒன்பது நாற்பது. மூணு நிமிஷம் லேட்டு" என்பான். ஒரு நாளைக்குப் பதினாறு பஸ், பதினாறு பேச்சு. எனக்கு அது போதுமாக இருந்தது. பூட்டு ரிப்பேர் செய்து பிழைத்தவன் நான்; உள்ளே ஒரு முள் அசைந்தால்கூடத் திறந்துவிடலாம் என்று தெரியும்.

நாலு மாதத்துக்கு முன்னால் நீ பழைய பஸ்களை எடுத்துவிட்டு மின்சார பஸ் விட்டாய். புகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். சத்தமும் இல்லை. பூனை மாதிரி வந்து பூனை மாதிரி போகிறது. தலை குனிந்தே உட்கார்ந்திருக்கும் உன் அப்பாவுக்குப் பஸ் வந்ததே தெரியவில்லை. முதல் நாள் பதினாறு முறையும் காத்திருந்தான். மறுநாள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். அதோடு பேச்சு நின்றது.

நான் சும்மா இருப்பேனா? தெருவில் இறங்கி ஒன்பது நாற்பதை மறித்து, எங்கள் ஜன்னலுக்குக் கீழே ஒரே ஒரு ஹாரன் அடிக்கச் சொன்னேன். டிரைவர், "பெரியவரே, இது ஆஸ்பத்திரித் தெரு. ஹாரன் அடிச்சா என் வேலை போயிடும். உங்க எம்.எல்.ஏ. போட்ட ஆர்டருதான்" என்றார். நீ திறந்து வைத்த மனநல மருத்துவமனை எதிர்ச் சாரியில் இருக்கிறதாம், அதனால் தெருவில் சத்தம் கூடாதாம். சரி என்று மறுநாள் நானே ஜன்னலுக்குக் கீழே நின்று பஸ் மாதிரி உறுமினேன். கியர் மாற்றுவதுபோலவும் இடையில் ஒன்று போட்டேன். உன் அப்பா ஜன்னலைச் சாத்தினான். அந்த மருத்துவமனை வாட்ச்மேன் ஓடிவந்து என் கையைப் பிடித்து, "வாங்கய்யா, உள்ள போலாம், பயப்படாதீங்க" என்றான். எனக்கென்னடா பயம்?

இருந்தாலும் வழி தெரிந்துவிட்டதே என்று புதன்கிழமை உன் அப்பாவையே அழைத்துப்போனேன். டாக்டர் புதன் பத்திலிருந்து பன்னிரண்டு வரை. உன் பஸ்களுக்கு சார்ஜ் ஏற்றுவதற்காக எங்கள் பகுதியில் கரண்ட் நிறுத்துவதும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை. கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. ஆலோசகர் பெண் ஒரு தாளை நீட்டி நிரப்பித் தரச் சொன்னது. எத்தனை நாள் தூக்கம் வரவில்லை, எத்தனை நாள் எதிலும் மனம் ஒட்டவில்லை, எத்தனை நாள் இருந்து என்ன பயன் என்று தோன்றியது. உன் அப்பா பேனாவைத் தொடவில்லை. நான் பள்ளிக்கூடம் போகாமல் பழைய நாளிதழ் பார்த்து எழுத்துக் கற்றவன், ஒரு தாளுக்கா அஞ்சுவேன்? ஒன்றுவிடாமல் நானே எழுதிக் கொடுத்தேன்.

"இதை அவரைக் கேட்டு எழுதினீங்களாய்யா?"

"அவன் வாயத் திறந்தா நான் ஏம்மா இங்க வர்றேன்?"

"அப்ப யாரை நினைச்சு எழுதினீங்க?"

நான் பேனாவை மூடி மேஜையில் வைத்தேன். அந்தப் பெண் தாளை இரண்டாம் தடவை படித்துவிட்டு, "நீங்க உட்காருங்க, முதல்ல உங்களைத்தான் பாக்கணும்" என்றது. முடிவில் எனக்கு மாத்திரை, அவனுக்கு அடுத்த புதன். நோயாளியைக் கூட்டிப்போனவனுக்கு மருந்து கொடுத்து அனுப்பும் ஆஸ்பத்திரியை உலகத்தில் நீ ஒருவன்தான் திறந்திருக்கிறாய். மாத்திரையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். பழைய பஸ் ஒன்றே ஒன்று, எங்கள் தெரு வழியாக, ஒன்பது நாற்பதுக்கு மட்டும் விடு. காலியாக வந்தாலும் பரவாயில்லை, உறுமினால் போதும். நீ வர வேண்டாம். உன் காரும் மாலையும் வர வேண்டாம். சொன்ன வாரத்தில் வராதவன் என் வாசலை மிதிக்கவே வேண்டாம். பஸ்ஸை அனுப்பு.

உனக்கு நோய்நொடி வராமல் இருக்கட்டும். வந்தாலும் புதன்கிழமை பத்து மணிக்கு வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எதையும் விட்டுக்கொடுக்காத உன் பெரியப்பா.

பின்குறிப்பு: உறையில் உன் பெயரை எழுதிவிட்டுப் பசை தேடி உள்ளே போனேன். திரும்பி வந்தால் உன் அப்பா உறையைக் கையில் பிடித்து நிற்கிறான். உன் பெயரை விரலால் தடவினான். வழக்கம்போல் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்த்தான். "எட்டு மாசம் லேட்டு" என்றான். ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. பஸ் வேண்டாம், நீ வா. என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதே. சொன்னால் அந்த நிமிஷத்திலிருந்து எண்ண ஆரம்பித்துவிடுவான்.