அத்தையைக் கொன்ற நோட்டு

மாமியாரைக் கொன்றவள் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். (பதற வேண்டாம், நோட்டில்தான்.)

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் தென்காசி வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னை ஊமை என்றே நினைத்திருந்தார்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்டால், நான் பதிலை யோசித்து முடிப்பதற்குள் கேட்டவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

பேச வராததையெல்லாம் ஒரு நோட்டில் கொலைக் கதையாக எழுதினேன். துப்பறிகிற அபரஞ்சியும் என்னைப் போலவே கூச்சக்காரி. சாட்சியை விசாரிக்கப் போவாள். கேள்வி கேட்க வாய் வராமல், அந்த வீட்டு உளுந்தைப் புடைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். கொலையுண்டவள் ஒரு பண்ணையார் மனைவி. அவளிடம் என் மாமியாரின் சாயல் கொஞ்சம் விழுந்துவிட்டது. (கொஞ்சமா? மூக்குத்தி முதல் முழங்கால் வலி வரை அத்தையேதான்.)

அந்த வருஷம் சாரலுக்குக் குற்றாலத்தில் வீடு பிடித்தோம். அருவியில் வெள்ளம், குளிக்க விடவில்லை. என் பெட்டியில் தைலம் தேடிய அத்தையின் கையில் நோட்டு அகப்பட்டது.

"கண்ணாடி தென்காசில கெடக்கு. நீயே வாசிட்டி," என்றார். பக்கத்து வீட்டில் தங்கியிருந்த வடகரைப் பெண்கள் மூன்று பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அபரஞ்சி உளுந்து புடைத்த இடத்தில் அத்தைதான் அதிகம் சிரித்தார். எனக்கும் தைரியம் வந்து குரல் உயர்ந்தது. அந்த நேரம் பார்த்து, செத்தவளின் குணத்தைச் சமையல்காரி சொல்லும் இடம் வந்தது. குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து அந்தப் பண்ணையார் மனைவி சொல்வாளாம்: "உப்பு இருக்கு, புளி இருக்கு. ருசி எங்கன போச்சின்னு தேடு."

அதே வார்த்தையை அத்தை வாயால் கேட்டிருந்த வடகரைப் பெண்கள் மெல்ல அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சட்டென்று பக்கத்தைத் தள்ளினேன்.

"தாளு ரெண்டா பொரளுது. ஒழுங்கா வாசி."

வாசித்தேன். "மாமியார் செத்த அன்றுதான் மருமகள் முதன்முதலாகக் காப்பியைச் சூடாகக் குடித்தாள்."

புளியங்குடியில் என் அப்பா வீட்டு வாசலில் என்னை இறக்கிவிடப் போகிறார்கள் என்று நிச்சயித்து, மனசுக்குள் புடவைகளை மடிக்க ஆரம்பித்தேன்.

"ஏட்டி, செத்தது நான்லா?"

"ஆமா அத்தை." (ஒரு வருஷமாக வராத பதில், அன்று பார்த்து உடனே வந்தது.)

"யாரு கொன்னா?"

"இன்னும் எழுதல அத்தை."

"எழுதலையா? கொன்னவன் யாருன்னு தெரியாம நான் எப்படிட்டி நிம்மதியா சாவேன்?"

வடகரைப் பெண்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அத்தை சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய், ஒரு தம்ளர் காப்பியோடு வந்து என் முன்னால் வைத்தார்.

"ஆறிராம குடி. குடிச்சிட்டு எழுது."

கதை முடிவு எனக்கு வரவே இல்லை. அத்தைக்குத்தான் வந்துகொண்டே இருந்தது. கல்யாணத்துக்கு அழைக்க மறந்த கொழுந்தன், கடன் வாங்கிய அண்டாவை நசுக்கிக் கொடுத்த சம்பந்தி என்று வருஷத்துக்கொரு கொலைகாரனைக் கொண்டுவருவார். ஒரு தீபாவளிக்கு என் வீட்டுக்காரரையே காட்டி, "இவனப் போடு, பொருத்தமா இருப்பான்," என்றார்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் கோபம் வந்தால் யாரும் சண்டை போடுவதில்லை. "அவன நோட்டுல எழுதியாச்சி," என்று சொல்லி அனுப்புவார்கள். எழுதப்பட்டவர் தாமாகவே வந்து சமாதானம் பேசுவார். போன மாசம் என் பேரையும் யாரோ எழுதியிருப்பதாகக் கேள்வி.